இறக்கையின் அடிப்பக்கம்

நடுக்கடலில் ஒரு பறவையைப் பார்த்துவிட்டு "எவ்வளவு பெரிசு!" என்று சொல்வதால் ஒரு பயனும் இல்லை. அளந்து பார்க்கப் பக்கத்தில் மரம் கிடையாது, வீடு கிடையாது, மனிதன் கிடையாது. நூறு மீட்டரில் பறக்கும் சின்னதும் ஐந்நூறு மீட்டரில் பறக்கும் பெரியதும் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். இதை எனக்குச் சொன்னவர் தூத்துக்குடிக்காரர். இரும்புத்தாது ஏற்றும் கப்பலில் அவர் சீஃப் ஆபீஸர், நான் ஏபி, அதாவது தேர்ந்த மாலுமி. விடிகாலை நாலு மணி முதல் எட்டு வரையும், மாலை நாலு முதல் எட்டு வரையும் பிரிட்ஜில் அவரோடு எனக்கு வாட்ச். "தம்பி, அளவை விடுங்க. எப்படிப் பறக்குதுன்னு முதல்ல சொல்லுங்க. அப்புறம் இறக்கைக்கு அடிப்பக்கம் என்ன நெறம். கடைசியா மூக்கு." இந்த வரிசையை அவர் ஒருநாளும் மாற்றியதில்லை. பிறகு நானும் மாற்றவில்லை.

என் ஊர் கியாக்தான். யாங்கூனுக்குத் தென்கிழக்கே, பாகோ ஆற்றைத் தாண்டித் தன்லின் வழியாகப் போகவேண்டும். தன்லினைச் சிரியம் என்று அழைத்த காலத்திலேயே தமிழர்கள் அந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். வயல் வேலைக்கு வந்தவர்கள் உண்டு, எண்ணெய் ஆலை வேலைக்கு வந்தவர்கள் உண்டு. என் தாத்தாவின் அப்பா தொண்டிக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரைக் கிராமத்திலிருந்து கப்பலேறியவர். எங்கள் வீட்டில் நெல் விவசாயம். ஊரை வெளியூர்க்காரர்கள் அறிவது யேலே பகோடாவால்தான். மோவுன் ஓடையின் நடுவே ஒரு சின்னத் தீவில் நிற்கிறது அது, படகில்தான் போகமுடியும். போகிறவர்கள் பெரிய பெரிய கெளுத்தி மீன்களுக்குத் தீனி போடுவார்கள். நவம்பரிலிருந்து மார்ச் வரை, ஏற்றம் வரும் நேரத்தில், அந்தத் தீனியில் பங்கு கேட்டுச் சில கடற்காக்கைகளும் வரும். பர்மியர்கள் ஸின்யோ என்பார்கள்.

ஆனால் கடற்காக்கையை நான் முறையாகப் பார்த்தது யாங்கூன் போகும் படகில். தன்லின் பாலம் 1993இல்தான் வந்தது. அதற்கு முன் நகரத்துக்குப் போக ஆற்றைப் படகில் கடக்கவேண்டும். குளிர்காலத்தில் படகின் பின்னாலேயே நூற்றுக்கணக்கில் வரும். இன்றும் பொட்டடாங் துறையிலும் டாலா படகிலும் அந்தக் காட்சி இருக்கிறது: பொரித்த தின்பண்டம் விற்கிற பெண்கள், அதை வாங்கிக் காற்றில் வீசுகிற குழந்தைகள், வீசியதைத் தண்ணீரில் விழவிடாமல் கவ்வுகிற பறவைகள். கைக்கெட்டும் தூரத்தில், கண்ணுக்கு நேராக, பறந்தபடியே நிற்கிற பறவையைப் பார்க்கும் வாய்ப்பு உலகத்தில் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. எங்களுக்கு அது போகவர இருந்த வழக்கம்.

அவை பெரும்பாலும் பழுப்புத்தலைக் கடற்காக்கைகள். திபெத் பீடபூமியின் உயரமான ஏரிக்கரைகளிலும் லடாக் பக்கமும் கூடுகட்டிக் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்கு வங்காள விரிகுடா ஓரமாக இறங்கி வருபவை. எங்களிடம் வரும்போது தலை வெள்ளையாகி, காதருகே மட்டும் ஒரு கருந்திட்டு மிஞ்சியிருக்கும். மார்ச் மாதம் திரும்பும் முன் சிலவற்றுக்குப் பழுப்பு முகமூடி ஏறத் தொடங்கிவிடும். முதிர்ந்ததின் கண் வெளிறியது; அதனால் பார்வை கொஞ்சம் முரட்டுத்தனமாகத் தெரியும். இறக்கை நுனி கறுப்பு, அதற்குள் வெள்ளைத் திட்டு. கூட்டத்தில் சில சமயம் அதைவிடச் சிறியது ஒன்று கலந்திருக்கும். கண் கறுப்பு, இறக்கையின் முன்விளிம்பு முழுக்க வெள்ளை. அது கருந்தலைக் கடற்காக்கை. முதல் வயதுக் குஞ்சுக்கு வாலில் ஒரு கறுப்புப் பட்டை இருக்கும். பெயர்களெல்லாம் பின்னால் கற்றவை. வித்தியாசங்கள் மட்டும் படகிலேயே மனதில் பதிந்துவிட்டன. ஆலாக்கள் கூர்மூக்கைக் கீழே தாழ்த்தியபடி பறக்கும், கடற்காக்கை நேரே பார்த்துப் பறக்கும் என்பதும் அப்படித்தான் தெரிந்தது.

எங்கள் ஆறு சேற்று நிறம். ஆற்றுக்கு அப்பால் இருக்கும் மொட்டமா வளைகுடாவும் அப்படியே. பெருக்குக் காலத்தில் ஏற்ற இறக்கம் ஐந்து மீட்டரைத் தாண்டும். வளைகுடா வண்டலைக் கலக்கிக்கொண்டே இருப்பதால் கலங்கல் பல்லாயிரம் சதுர கிலோமீட்டருக்குப் பரந்து கிடக்கும். அந்தச் சேற்றுத் திட்டுகளை நம்பி வாழ்வது வேறு வகைப் பறவைகள். அலகு கரண்டி வடிவில் அமைந்த, உலகத்திலேயே சில நூறு மட்டும் மிஞ்சியிருக்கிற உள்ளான் 2008இல் அங்கே கண்டுபிடிக்கப்பட்டது. 2017இல் வளைகுடாவின் ஒரு பகுதி ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. ஆழ்கடல் பறவைக்கு அங்கே வேலை இல்லை. ஆகவே அல்பட்ராஸ் என்ற பெயர், கப்பலேறும் வரை, எனக்கு ஒரு சொல்லாகக்கூட இருந்ததில்லை.

பிரேசிலிலிருந்து இரும்புத்தாது ஏற்றிக்கொண்டு சீனா போகும் கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றித்தான் வருகின்றன. தென் அட்லாண்டிக்கில் பல நாட்கள் வெறும் நீலம். நன்னம்பிக்கை முனை நெருங்க நெருங்க நீர் குளிர்ந்து, காற்று தென்மேற்காகத் திரும்பி, கடல் நீளமான அலைகளாக எழும்பும். அப்போதுதான் அல்பட்ராஸ்கள் வரும். பிரிட்ஜ் இறக்கை எனப்படும் பக்கவாட்டு மேடையில் நின்று, 7×50 பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டு பார்ப்பேன். ஏபிக்கு லுக்-அவுட் வேலை இருக்கிறது. பார்ப்பதற்குத்தான் சம்பளம். மற்ற கப்பல், மீன்பிடி விளக்கு, மிதக்கும் மரக்கட்டை என்று எதைப் பார்த்தாலும் ஆபீஸரிடம் சொல்லவேண்டும். அவர் பறவையையும் சொல்லச் சொன்னார்.

முதலில் பறக்கும் விதம். கடற்காக்கை இறக்கை அடிக்கும். அல்பட்ராஸ் அடிக்காது. தோள்பட்டையில் ஒரு தசைநாண் இறக்கையை விரித்த நிலையில் பூட்டிவிடுகிறது. விரித்து வைத்திருக்கத் தசைக்குப் பெரிய உழைப்பு இல்லை. அலையை ஒட்டிய காற்று மெதுவானது, பத்துப் பதினைந்து மீட்டர் மேலே போனால் வேகமானது. பறவை காற்றுக்கு எதிர்முகமாக மேலே ஏறும், உச்சியில் ஒருபக்கம் சரிந்து திரும்பும், காற்றோடு சேர்ந்து கீழே வழுக்கும், அலைப்பள்ளத்தில் ஒரு இறக்கை நுனி தண்ணீரைத் தொடுகிற மாதிரி மறுபடி திரும்பி ஏறும். மேலும் கீழும் உள்ள வேக வித்தியாசத்திலிருந்தே அதற்குச் சக்தி கிடைக்கிறது. பதினான்கு நாட் வேகத்தில் ஓடும் கப்பலை ஒரு தடவைகூட இறக்கை அசைக்காமல் சுற்றிவந்த பறவையை நான் ஒரு முழு வாட்ச் நேரமும் பார்த்திருக்கிறேன். காற்று நின்றால் கதை மாறிவிடும். கனத்த உடம்போடு தண்ணீரில் உட்கார்ந்து அடுத்த காற்றுக்காகக் காத்திருக்கும்.

இந்த ஒரு விஷயத்தை வைத்தே பாதிப் பறவைகளை ஒதுக்கிவிடலாம். கேப் பகுதியில் வெள்ளை உடம்பும் கறுப்பு இறக்கை விளிம்புமாக ஒரு பெரிய பறவை வரும். புதிதாக வருபவர்கள் அதைத்தான் அல்பட்ராஸ் என்பார்கள். அது கேனெட். நாலைந்து தடவை அடித்து, கொஞ்சம் மிதந்து, மறுபடி அடித்து நேர்கோட்டில் போகும். முன்னும் பின்னும் கூராக இருக்கும். ஷியர்வாட்டர்கள் விறைத்த இறக்கையோடு வேகவேகமாக அடித்துவிட்டு அலையோடு அலையாகச் சரியும். கறுப்பு உடம்பும் வெளிறிய மூக்கும் உள்ளது வெண்தாடைப் பெட்ரல். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட முதுகோடு கப்பலை ஒட்டியே வருவது கேப் பெட்ரல். அதை யாரும் மறக்கமுடியாது. உள்ளங்கையில் அடங்கும் உருவத்தோடு, வெள்ளை இடுப்பு தெரிய, தண்ணீரைக் காலால் தட்டித் தட்டி நடப்பது வில்சன் ஸ்டார்ம் பெட்ரல். இது நம் வங்காள விரிகுடாவுக்கும் வருகிறது.

கேனெட் நீங்கலாக இவற்றையெல்லாம் அல்பட்ராஸோடு சேர்த்து ஒரே வரிசையாகக் கட்டுவது மூக்குக் குழாய். இந்தப் பறவைகளின் நாசி, அலகின் மேல் குழாயாக நீண்டிருக்கும். பெட்ரல்களுக்கும் ஷியர்வாட்டர்களுக்கும் அது அலகின் முதுகில் ஒட்டி அமைந்திருக்கும். அல்பட்ராஸுக்கு மட்டும் அலகின் இரு பக்கமும் தனித்தனியாக ஒவ்வொரு குழாய். கப்பலிலிருந்து இதைப் பார்ப்பது அபூர்வம். கையில் கிடைத்த பறவைக்கு இதுவே முதல் சோதனை.

பிறகு அடிப்பக்கம். இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பாடம். அல்பட்ராஸ் திரும்பும்போது ஒவ்வொரு சுற்றிலும் ஒருதடவை இறக்கையின் அடிப்பக்கத்தை முழுசாக நம்மிடம் காட்டும். முதுகுப்பக்கம் பல இனங்களுக்கு ஒரே மாதிரி கருஞ்சாம்பல்தான், அடிப்பக்கம் கையெழுத்து. கரும்புருவ அல்பட்ராஸுக்கு முன்விளிம்பில் அகலமான கறுப்புப் பட்டை, நடுவில் மட்டும் வெள்ளை. மஞ்சள்மூக்கு அல்பட்ராஸ் சிறியது, ஒல்லி; அதற்கு விளிம்பு குறுகலான கறுப்பு, முன்பக்கம் கொஞ்சம் கூடுதல். ஷை அல்பட்ராஸுக்கு அடிப்பக்கம் கிட்டத்தட்ட முழு வெள்ளை, சுற்றிலும் மெல்லிய கறுப்புக் கோடு, உடம்போடு இறக்கை சேரும் இடத்தில் முன்விளிம்பை ஒட்டி மையில் கட்டைவிரலைத் தோய்த்து வைத்ததுபோல ஒரு கறுப்புப் பொட்டு.

ஒரு காலை நினைவிருக்கிறது. வெளிச்சம் பழுக்கத் தொடங்கிய நேரம். தென்மேற்குக் காற்று கப்பலின் வலப்பக்கம் அறைகிறது. பின்னால் பறவைகள் சுற்றுகின்றன. நான் பைனாகுலரை இறக்காமலே சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அடிக்கலை சார். சுத்துது."

"அடிப்பக்கம்?"

"வெள்ளை. ஓரம் மெல்லிசு."

"அக்குள்?"

அது அடுத்த சுற்று வரும்வரை நான் பதில் சொல்லவில்லை. அது ஏறியது, சரிந்தது, காட்டியது. "பொட்டு இருக்கு சார்."

"அப்ப மூக்கைப் பாருங்க."

"சாம்பல். நுனி மஞ்சள்."

அவர் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. வாட்ச் முடிந்த பிறகு பீட்டர் ஹாரிசன் 1983இல் வெளியிட்ட கடற்பறவை அடையாளக் கையேட்டை என்னிடம் கொடுத்து, "நீங்களே தேடி எடுங்க" என்றார். அந்தக் கையேடு கடலோடிகளுக்கு வேதம். ஹாரிசனே எழுதி, ஹாரிசனே படமும் வரைந்தது. ஒவ்வொரு இனத்துக்கும் வயதுக்கு வயது மாறும் நிறங்களைத் தனித்தனியாகக் காட்டியிருப்பார். நான் எடுத்துக்காட்டிய பக்கத்தைப் பார்த்துவிட்டு அவர் சொன்னதுதான் எனக்குக் கிடைத்த பெரிய படிப்பு. ஷை அல்பட்ராஸ் டாஸ்மேனியா ஓரத் தீவுகளில் குஞ்சு பொரிப்பது. அதன் மிக நெருங்கிய உறவான வெண்தொப்பி அல்பட்ராஸ் நியூசிலாந்துக்குத் தெற்கே ஆக்லாந்து தீவுகளில் பொரிப்பது. தென்னாப்பிரிக்கக் கடலில் திரிகிறவற்றில் பெரும்பகுதி இரண்டாவது வகை. ஆனால் ஓடும் கப்பலிலிருந்து இரண்டையும் நிச்சயமாகப் பிரிக்கமுடியாது. "அதனால ரெண்டு பேரையும் சேர்த்து எழுதுங்க. பார்த்ததுக்கு மேல ஒரு எழுத்து எழுதக்கூடாது." அவர் தன் குறிப்புகளை ராயல் நேவல் பேர்ட்வாட்சிங் சொசைட்டிக்கு அனுப்பிவந்தார். 1946இல் தொடங்கிய அமைப்பு; கடற்படைக்காரர், வணிகக் கப்பல்காரர் என்று கடலில் இருப்பவர்கள் எழுதும் குறிப்புகளைச் சேர்த்து வைக்கிறது. தேதி, நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை, காற்று, கடலின் வெப்பம், பறவை, எத்தனை, எந்தத் திசை. இந்த விவரங்களில் பாதி எப்படியும் கப்பலின் லாக் புத்தகத்தில் ஏறத்தான் போகிறது. பறவையை மட்டும் சேர்த்தால் போதும்.

வயது ஒரு தனிச் சிக்கல். குஞ்சாக இருக்கும் கரும்புருவத்துக்கு ஆரஞ்சு மூக்கு கிடையாது. மங்கலான மூக்கு, கறுத்த நுனி. வாண்டரிங் அல்பட்ராஸின் கதை இன்னும் விசேஷம். இறக்கை விரிப்பில் மூன்றரை மீட்டர் வரை போகும், உயிரோடு இருக்கும் பறவைகளில் அதைவிட நீண்ட இறக்கை எதற்கும் இல்லை. கூட்டைவிட்டு வெளியேறும்போது முகம் வெள்ளை, உடம்பு முழுக்கச் சாக்லெட் பழுப்பு. வருஷம் ஏற ஏற உடம்பு வெளுக்கும். பிறகு இறக்கையின் நடுவிலிருந்து வெளுப்பு வெளிப்புறமாகப் பரவும். நன்றாக முதிர்ந்த ஆண் பறவையின் இறக்கையில் நுனியும் பின்விளிம்பும் மட்டும் கறுப்பாக மிஞ்சும். அப்படிப்பட்ட ஒன்று பிரிட்ஜ் இறக்கைக்கு நேர் மட்டத்தில் வந்து, ஒரு கண்ணால் என்னைப் பார்த்துவிட்டுப் போனது. அந்த வெளுப்புக்கு எத்தனை வருஷக் காற்று ஆகியிருக்கும் என்று யோசித்தேன். அது என்னைவிட மூத்ததாகக்கூட இருக்கலாம். இது மிகையான பேச்சில்லை. வட பசிபிக்கின் மிட்வே தீவில் 1956இல் காலில் வளையம் மாட்டிய லேசான் அல்பட்ராஸ் ஒன்று, விஸ்டம் என்று பெயர், 2024 இறுதியிலும் முட்டையிட்டது.

வட பசிபிக் வழித்தடத்தில் அடையாளம் காண்பது எளிது. வழக்கமாக வரும் இனங்கள் மூன்றே: முதுகு கறுத்து வயிறு வெளுத்த லேசான், உடம்பெல்லாம் கறுத்த கருங்கால், பெரிய இளஞ்சிவப்பு மூக்குள்ள குறுவால் அல்பட்ராஸ். மூன்றாவதைப் பார்ப்பதற்காக நான் ஜப்பானிலிருந்து கிழக்கே போகும் பயணங்களில் கண் வலிக்க நின்றிருக்கிறேன். அதன் கதை அப்படி. இறகுக்காகத் தோரிஷிமா தீவில் லட்சலட்சமாக அடித்துக் கொன்றார்கள். 1949இல் ஆலிவர் ஆஸ்டின் என்ற பறவையியலாளர் தேடிப்போய், ஒன்றும் காணாமல், இனம் அழிந்துவிட்டதாக எழுதினார். 1951இல் அதே தீவின் வானிலை நிலையத்தில் வேலை பார்த்தவர் கண்ணில் பத்துப் பறவைகள் அளவில் தென்பட்டன. அவர் அங்கே போனது காற்றையும் மழையையும் அளப்பதற்கு. பறவையையும் கவனித்தார், இன்னதென்று அறிந்தார், சொன்னார். பிறகு ஹிரோஷி ஹசெகாவா என்ற விஞ்ஞானி பல பத்தாண்டுகள் அந்தத் தீவில் மண்சரியாத இடம் பார்த்து, பொம்மைப் பறவைகளை நிறுத்திவைத்து, உயிருள்ளவற்றை அங்கே ஈர்த்துக் கூடுகட்ட வைத்தார். இன்று அவை ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஆரம்பம் வானிலை நிலையத்து ஊழியர் ஒருவரின் பார்வை.

கடலில் வேலை செய்கிறவர்கள் பறவை பார்ப்பதை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. அல்பட்ராஸ் தன் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கரை காணாமல் கழிக்கிறது. அங்கே ஆராய்ச்சியாளர் எப்போதாவது போவார். மாலுமியும் மீனவரும்தான் எப்போதும் இருக்கிறார்கள். அது சாவதும் அங்கேதான். 22 அல்பட்ராஸ் இனங்களில் 15 அழிவின் விளிம்பை நோக்கிப் போகின்றன. சூரை பிடிக்கும் லாங்லைன் கப்பல் பல ஆயிரம் தூண்டில்களை ஒரே கயிற்றில் விடும். இரை முங்குவதற்குள் பறவை கவ்விவிட்டால் தூண்டிலோடு முங்கி இறக்கும். தடுப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கப்பலின் பின்னால் நாடாக்கள் படபடக்கும் கயிறு கட்டுவது, தூண்டிலுக்கு எடை கூட்டுவது, இரவில் விடுவது. தென்னாப்பிரிக்காவில் ஹேக் மீன் பிடிக்கும் டிராலர்களில் இழுவைக் கம்பியில் அடிபட்டு அல்பட்ராஸ்கள் செத்துக்கொண்டிருந்தன. 2006இல் அங்கே தொடங்கிய அல்பட்ராஸ் டாஸ்க் ஃபோர்ஸ் ஆட்கள் கப்பல்களுக்குள் ஏறி, மீனவர்களோடு தங்கி, நாடாக் கயிறுகளைக் கட்டவைத்தார்கள். சில வருஷங்களில் அந்த டிராலர்களில் அல்பட்ராஸ் சாவு 99 சதவீதம் குறைந்தது. அந்தக் கடலில் டிராலர்களின் பின்னால் பறவைகள் மேகமாக மொய்ப்பதை நான் பைனாகுலரில் பார்த்திருக்கிறேன். அவற்றுக்கு நடுவே நிறநிறமாக நாடாக்கள் ஆடுவதையும் பார்த்திருக்கிறேன். அப்போது மனதில் எழுந்த நிம்மதியைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

எங்கள் பக்கத்துப் பையன்கள் பலர் இன்று வெளிநாட்டு மீன்பிடிக் கப்பல்களில் இருக்கிறார்கள். தூண்டிலில் வந்த செத்த பறவையைக் கழற்றித் தூக்கிப்போடும் கை அவர்களுடையது. அந்த ஒரு கணத்தில் மூக்கைப் பார்த்து, இன்ன இனம் என்று ஒரு வரி எழுதினால், எந்தத் தீவின் பறவைகள் எந்தக் கடலில் சாகின்றன என்பது தெரியவரும். பெயர் தெரியாமல் கடலில் போன பறவை எந்தக் கணக்கிலும் சேராது.

2022இல் வேலையை விட்டுவிட்டு ஊரில் இருந்தேன். அந்த வருஷம் ஒரு செய்தி படித்தேன். ராமேஸ்வரம் தீவில், பாக் விரிகுடாப் பக்கத்து அந்தோணியார்புரம் கடற்கரையில் லைட்-மேன்டில்டு அல்பட்ராஸ் ஒன்று பதிவாகியிருக்கிறது. ஆசியாவிலேயே அந்த இனத்தின் முதல் பதிவு என்று ஆய்விதழில் வெளியாகியிருக்கிறது. நான் அந்தச் செய்தியைத் திரும்பத்திரும்பப் படித்தேன். தொண்டிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையில் இருப்பது அதே பாக் விரிகுடாதான். என் முன்னோர்கள் வலை இழுத்த தண்ணீர்.

அந்தப் பறவை எங்கிருந்து வந்திருக்க முடியும் என்று நினைத்துப் பார்க்கவேண்டும். அதன் இனம் கூடுகட்டுவது தென்கடலின் குளிர்த் தீவுகளில்: கெர்கெலன், குரோசெட், மக்குவாரி, தெற்கு ஜார்ஜியா. இந்தியப் பெருங்கடலில் உள்ள கெர்கெலனிலிருந்து கணக்கிட்டாலும் ராமேஸ்வரம் சுமார் 6,500 கிலோமீட்டர். தூரம்கூடப் பெரிசில்லை; அல்பட்ராஸுக்குத் தூரம் ஒரு பொருட்டே அல்ல. நடுவில் பூமத்தியரேகையை ஒட்டிக் காற்று செத்துக்கிடக்கும் கடல் இருக்கிறது. காற்றை நம்பி வாழும் பறவைக்கு அதுதான் மதில். தென்கடல் அல்பட்ராஸ்கள் வடக்கே வராமல் இருப்பதற்கு முக்கியமான காரணம் அந்த மதில். அதைத் தாண்டி ஒரு பறவை, எந்தப் புயலின் தோளில் ஏறியோ, ராமேஸ்வரம் கரைக்கு வந்திருக்கிறது.

இந்த இனத்தை அதன் இரட்டைப் பிறவியான சூட்டி அல்பட்ராஸிலிருந்து பிரிப்பது சிரமமான வேலை. இரண்டும் கறுப்பு. இரண்டுக்கும் கூரான ஆப்பு வால். இரண்டுக்கும் கண்ணின் பின்னே வெள்ளைப் பிறை. சூட்டிக்கு முதுகும் கறுப்பு. இதற்குப் பிடரியிலிருந்து முதுகு முழுக்கச் சாம்பல் போர்த்தியிருக்கும். வெளிச்சம் மோசமாக இருந்தால் அந்தச் சாம்பலை நம்பமுடியாது. இறகு வெளுத்த சூட்டியும் முதுகில் வெளிறித் தெரியும். அப்போது மூக்குதான் தீர்ப்பு. கறுத்த கீழலகின் பக்கவாட்டில் ஒரு கோடு ஓடும். சூட்டிக்கு அது மஞ்சள். இதற்கு நீலம். கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால்தான் தெரியும் அளவுக்கு மெல்லிய கோடு. எங்கோ தென்கடலில் காற்றில் ஏறி இறங்கவேண்டிய பறவையின் மூக்குக் கோட்டை ராமேஸ்வரம் கடற்கரையில் பார்ப்பதற்கு ஆள் இருந்தது என்பது எனக்குப் பெருமையாக இருக்கிறது. படம் எடுக்க யாரும் இல்லாமல் போயிருந்தால், கரைக்கு வந்த பெரிய கறுப்புக் கடற்காக்கை என்று அந்த ஊர்ப் பேச்சோடு முடிந்திருக்கும். அப்படி முடிந்தவை நம் கரைகளில் எத்தனையோ இருக்கும் என்று நான் நம்புகிறேன். தெற்கே இலங்கையின் காலியிலிருந்து வடக்கே சுந்தரவனம் வரை, எங்கள் மொட்டமா வரை, புயலுக்குப் பிறகு கரையில் ஒதுங்கிய பறவைகளை மீனவர்கள் எல்லா ஊரிலும் பார்த்திருக்கிறார்கள்.

இப்போது கியாக்தான் வேறு ஊராகிவிட்டது. தன்லினையும் கியாக்தானையும் சேர்த்துத் திலாவா சிறப்புப் பொருளாதார மண்டலம் வந்தபிறகு ஆற்றங்கரையில் கொள்கலன் கப்பல்கள் நிற்கின்றன. தன்லினில் கடல்சார் பல்கலைக்கழகம் இருக்கிறது. கப்பலுக்குப் போகும் பிள்ளைகள் எங்கள் தெருவில் முன்பைவிட அதிகம். குளிர்காலத்தில் சிலரை ஓடைக்கரைக்கும் ஆற்றங்கரைக்கும் கூட்டிப்போகிறேன். அல்பட்ராஸைப் பற்றி முதலில் பேசமாட்டேன். ஒரு கடற்காக்கையைக் காட்டி, கண் என்ன நிறம், நுனியில் வெள்ளை இருக்கிறதா, வாலில் பட்டை உண்டா என்று கேட்பேன். இந்த ஒரு பறவையை முழுக்கத் தெரிந்துவைத்துக்கொண்டால், ஒரு மீட்டருக்குச் சற்று மேல் விரியும் அதன் இறக்கை அவர்களுக்கு எந்தக் கடலிலும் அளவுகோலாகும். கேப் பகுதிக்குப் போனால் அங்கேயும் கடற்காக்கை உண்டு. அதன் பக்கத்தில் வேறொன்று பறக்கும்போது, அது இரண்டு பங்கா மூன்று பங்கா என்று அப்போது கேட்கலாம். அதுவரை அளவைப் பேசக்கூடாது.

என் தங்கச்சி மகன் போன வருஷம் டெக் கேடட்டாகக் கப்பலேறினான். கேப் டவுனுக்குத் தெற்கேயிருந்து மெசஞ்சரில் ஒரு படம் அனுப்பினான். கூன் விழுந்த முதுகு, தடித்த மூக்கு, அழுக்குப் பழுப்பு உடம்பு. "மாமா, அல்பட்ராஸ் குஞ்சா?" என்று கேட்டிருந்தான். ஜெயன்ட் பெட்ரல் என்று நான் உடனே எழுதவில்லை. மூக்கின் மேல் எத்தனை குழாய், எங்கே இருக்கிறது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, மேலே ஒட்டினாற்போல் பெரிய குழாய், பக்கத்தில் எதுவும் இல்லை, அப்படியென்றால் பெட்ரல் வகை என்று அவனே எழுதினான். நுனி என்ன நிறம் என்றேன். வெளிர்ப்பச்சை என்றான். பச்சை என்றால் தெற்கத்தி, சிவப்பு என்றால் வடக்கத்தி, லாக்கில் நேரமும் இடமும் போட்டு எழுதிவை மாப்ள என்று அனுப்பினேன். மறுநாள் விடிகாலை இன்னொரு படம் வந்திருந்தது, தூரத்தில், கலங்கலாக, இறக்கை சரிந்த நிலையில். கீழே அவன் எழுதியிருந்தான்: "அடிக்கலை மாமா. ஓரம் மெல்லிசு. அக்குள்ல பொட்டு இருக்கு. ரெண்டு பேரையும் சேர்த்து எழுதிட்டேன்."